பள்ளியும் பள்ளிக்கூடமும்



குமரி மாவட்டத்துக் களியக்காவிளையைக் கடந்து கேரளத்துப் பாறசாலைக்குள் புகுவோர், பெயர்ப்பலகைகளில் எழுத்து மாறுவதை முதலிற் காண்பர். சொற்களின் பொருளும் மாறுவதைச் சற்றுப் பின்னரே உணர்வர். 'பள்ளி' என்பது அத்தகைய சொல். தமிழில் இன்று அது கல்வி கற்கும் இடம். மலையாளத்தில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் தொழும் இடம். பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்கும் அதுவே பெயர். வழிபாடும் கல்வியும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த வரலாறு பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிச் சிற்றூர்களுக்கு உண்டு. அதனையே இன்று கூற விழைகின்றேன்.

இலண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்கு வந்தார். 1809-இல் மயிலாடியில் ஓர் ஆலயம் எழுந்தது. 1819-இல் நாகர்கோவிலில் பெரிய கற்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினர். பின்னர் நெய்யூரும் பாறசாலையும் அப்பணியின் நிலையங்களாயின. பாறசாலையில் பணிபுரிந்த ஜான் ஆப்ஸ், தம் 22 ஆண்டு அனுபவங்களை 1870-இல் நூலாக வெளியிட்டார்.

நாகர்கோவிலுக்கு வாய்த்த கற்கட்டடம் சிற்றூர்களுக்கு வாய்க்கவில்லை. அங்கே ஆலயம் என்பது மண்சுவரும் ஓலைக்கூரையும் சாணம் மெழுகிய தரையுமே. ஞாயிற்றுக்கிழமை அதில் வழிபாடு நடந்தது. ஏனைய நாள்களில் பிள்ளைகள் அதே தரையில் அமர்ந்து எழுத்துக் கற்றனர். எளிய கட்டடமாயினும், அது நிகழ்த்திய மாறுதல் சிறிதன்று. சாதியின் பெயரால் கல்வி மறுக்கப்பட்டோரின் பிள்ளைகள் அங்கேதான் முதன்முதலாக ஏட்டைக் கையில் எடுத்தனர். ஆதலின், தோள்சீலைப் போராட்டக் காலத்தில் கலகக்காரர் வைத்த தீயில் ஆலயம் எரிந்தபொழுது பள்ளிக்கூடமும் உடன் எரிந்தது. நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்ற அரசாணை 1859 ஜூலை 26-இல் பிறந்தது. எரிந்த கூரைகளை மக்கள் மீண்டும் வேய்ந்தனர்.

காலப்போக்கில் மண் இருந்த இடத்தில் கல்லும், ஓலை இருந்த இடத்தில் ஓடும் வந்தன. கூர்முனை வளைவுடைய சாளரங்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த முறை; பருவமழையைத் தள்ளிவிடும் சரிந்த கூரையும் நீண்ட இறவாரமும் நம் நாட்டு முறை. பள்ளிக்கூடங்கள் ஆலய வளாகத்திலேயே தனிக் கட்டடம் பெற்றன. ஒரு கூரை இரண்டாயிற்று.

மற்றொரு பிரிவு மொழியால் வந்தது. 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. 1959-இல் தென்னிந்தியத் திருச்சபையின் தென் திருவிதாங்கூர்ப் பேராயமும் கன்னியாகுமரி, தென் கேரளம் என இரண்டாயிற்று. இரு மொழியும் வழங்கிய ஊர்களில், மலையாளத்தில் கல்வி கற்ற தலைமுறை வளர வளர, வழிபாட்டிலும் மலையாளமே மேலோங்கிற்று. கட்டடம் இடம் பெயரவில்லை. அதனுள் ஒலித்த மொழி பெயர்ந்தது.

இன்னும் வடக்கே, திருவனந்தபுரத்தை அடுத்த கடற்கரையில், பள்ளித்துறை என்றொரு மீனவர் ஊர் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால், விண்வெளி ஆய்வுக்குத் தும்பாவையும் அவ்வூரையும் தேர்ந்தனர். அங்கிருந்த மரிய மகதலேனா ஆலயம் ஆய்வாளரின் பணிமனையாயிற்று. 1963 நவம்பர் 21-இல் அங்கிருந்து முதல் இராக்கெட்டு விண்ணிற் பாய்ந்தது. இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம் அன்று அங்குப் பணிபுரிந்த இளம் பொறியாளருள் ஒருவர். ஆயர் பெரேரா மக்களிடம் கேட்டு, அவர்தம் இசைவைப் பெற்றே ஆலயத்தை அளித்தார் என்பதை அவர் பன்முறை எடுத்துரைத்துள்ளார். இன்று அவ்வாலயம் விண்வெளி அருங்காட்சியகம். இலண்டனிலும், 1941-இல் குண்டுவீச்சுக்கு இரையான புனித யோவான் ஆலயம் 1969-இல் இசையரங்கமாகத் திறக்கப்பட்டது.

கட்டடங்களின் பயன் மாறுவது இயல்பே. அதனைத் தடுத்தல் அரிது; எப்பொழுதும் நன்றும் அன்று. ஆனால் இரண்டு கேள்விகளை நாம் விடலாகாது. அதனை எழுப்பியவர்களின் வழிவந்தோரிடம் கேட்டார்களா? அவர்களுடைய நினைவு அங்கே காக்கப்படுகிறதா? சுவரைப் புதுப்பிக்கும் ஆர்வத்தில் பழைய கல்வெட்டைப் பூசி மறைத்தலும், படிப்பார் இல்லை என்று தமிழ்ப் பதிவேட்டைக் கரையானுக்கு விடுதலும் நேர்ந்தால், ஓலைக்கூரையின்கீழ் எழுத்துக் கற்ற முன்னோரை நாம் இரண்டாம் முறை எழுத்தறியாதவர் ஆக்கியவராவோம்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்களே, பிறர் கட்டிய ஆலயத்திலும் மண்டபத்திலும் ஒருவேளை இடம் பெற்றுத் தமிழில் கூடுவோர் உங்களுள் பலர். இடம் தந்தவரின் வரலாற்றை அறிந்து போற்றுங்கள். உங்கள் கூட்டத்தின் வரலாற்றையும், எழுதத் தெரிந்தவர் இருக்கும்பொழுதே, தமிழில் எழுதி வையுங்கள்.