கழிவிலிருந்து ஒளி
(தோட்ட மண்டபத்தில் ஆற்றப்பட்ட உரை)



தர்ப்பூசணியைத் தின்றபின் அதன் தோலைக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். அத்தோல் நோய் ஆராய்ச்சிக்கு விளக்காகவும் பயன்படும். அதுபற்றியே இன்று கூற விரும்புகிறேன்.

நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. அவை பெரும்பாலும் நிறமற்றவை. எனவே, நுண்பெருக்காடியில் பார்த்தாலும் அவற்றின் உட்பகுதிகளைத் தெளிவாகப் பிரித்தறிவது கடினம். இதற்காக ஒளிரும் பொருள்களை அவற்றினுள் செலுத்துவது வழக்கம். ஆனால், சாயங்கள் பல விரைவில் மங்கிவிடும். காட்மியம் கலந்த துகள்கள் நன்கு ஒளிரும். எனினும் காட்மியம் நச்சு உலோகமாயிற்றே!

ரப்பர்த் தாள்களுக்குப் புகையூட்டும் கூடத்தின் சுவரில் கரி படிவதை நாம் அறிவோம். கரியில் ஒளி உண்டென்று எவர் எண்ணினார்? 2004-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழக அறிஞர்கள் புகைக்கரி ஒன்றைத் தூய்மைப்படுத்துகையில், ஒளிரும் நுண்துகள்களைத் தற்செயலாகக் கண்டனர். அவையே கரிப்புள்ளிகள். அவற்றின் அளவு ஏறத்தாழ 10 நேனோ மீட்டருக்கும் குறைவு. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால், அதில் ஒரு கூறே ஒரு நேனோ மீட்டர்.

உயிர்ப்பொருள் அனைத்திலும் கரி உண்டு. ஆகவே, கழிவுகளிலிருந்தும் இத்துகள்களை எடுக்கலாம். 2012-ஆம் ஆண்டில் சீன அறிஞர்கள் தர்ப்பூசணித் தோலை 220 பாகை செல்சியஸ் வெப்பத்தில் 2 மணி நேரம் கருக்கி, நீரில் கலக்கி வடிகட்டினர். புற ஊதாக் கதிர் பட்டதும் அவ்வடிநீர் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய் உயிரணுக்களினுள் அத்துகள்கள் புகுந்து, அவற்றைத் தெளிவாகக் காட்டின. அதே ஆண்டில் பம்ளிமாசுத் தோலிலிருந்து எடுத்த துகள்கள், நீரில் கலந்த பாதரசத்தைக் கண்டறிய உதவின.

தோழர்களே, ஒன்றை மறவாதீர். இஃது ஆய்வுக்கூடப் பணி. நோய் தீர்க்கும் மருந்தன்று. பழத்தோல் கரியை மருந்தென்று எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர். தாய்மார்கள் இதற்காகக் காத்திராமல், அரசாங்கச் சுகாதார நிலையங்களில் செய்யப்படும் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்குத் தவறாது செல்லுங்கள். நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் உயிரைக் காக்கலாம்.

தோல் அதே தோல்தான். அதனை விளக்காக்கியது கல்வி. நம் பிள்ளைகள் அறிவியலை விரும்பிக் கற்கத் துணை நிற்போமாக. நாளை இத்தகைய ஆய்வுக்கூடங்களில் அவர்களும் பணியாற்றட்டும்.