செம்போர்வைக் குருவி



அரசர்களின் தோளை அலங்கரித்த ஒரு குருவியைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். பசிபிக் சமுத்திரத்தின் நடுவே கிடக்கும் ஹவாய்த் தீவுகளின் மலைக்காடுகள்தான் அதன் வீடு. அந்த மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘ஈஈவி’. துருப்பிடித்த கதவுப் பிணைச்சல் கிறீச்சிடுவது போன்ற அதன் குரலையே பெயராக்கிவிட்டார்கள் போலும்.

ஒரு சாண் நீளம்கூட இல்லை. நிறை 20 கிராம் அளவில். உடல் முழுவதும் செக்கச் சிவப்பு. சிறகும் வாலும் கறுப்பு. அலகோ செம்மஞ்சள் நிறத்தில் அரிவாள் போல வளைந்தது. படத்தில் பார்ப்பவர்கள் நம்மூர்த் தேன்சிட்டுக்கு உறவு என்று சாதிப்பார்கள். ஆனால் இது ‘பிஞ்ச்’ என்று அழைக்கப்படும் குருவிக் குடும்பத்தைச் சேர்ந்தது. விதை கொறிப்பதே அக்குடும்பத்தின் தொழில். ஆசியாவிலிருந்து பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் கடந்து வந்த சில குருவிகளின் சந்ததி, ஹவாயில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனங்களாகப் பிரிந்தது. சில விதை உடைத்தன, சில மரப்பட்டையைக் கிளறின, ஈஈவி தேன் குடிக்கக் கற்றுக்கொண்டது.

அதற்குத் தேன் வார்ப்பவற்றுள் முக்கியமானது ‘ஓஹிஆ’ என்ற மரம். நமது நாவலும் கொய்யாவும் சேர்ந்த அதே குடும்பம். சிவந்த குஞ்சம் போலப் பூக்கும். அம்மரத்தின் உச்சிக் கிளையில் கூடு கட்டிப் பொதுவாக இரண்டு முட்டையிடும். அதன் வளைந்த அலகு, வளைந்த குழல் போன்ற வேறொரு வகைக் காட்டுப்பூவுக்கு அளவெடுத்துச் செய்தது போன்றது. அந்தப் பூச்செடிகள் அருகிப்போக, ஈஈவி ஓஹிஆவையே அதிகம் நாடவேண்டியதாயிற்று. நூதனசாலைகளில் உள்ள பழைய பறவைகளோடு ஒப்பிட்டு, அலகே சற்றுக் குறுகிவிட்டது என்று 1995இல் ஆய்வாளர் எழுதினர்.

ஓஹிஆ எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் பூப்பதில்லை. பூத்த இடத்தைத் தேடி மலையில் ஏறியும் இறங்கியும் பறப்பதே இக்குருவியின் வாழ்க்கை. இதை மனதில் வைத்திருங்கள்.

இனி அரசர்களிடம் வருவோம். ஹவாய்த் தலைவர்களின் மேலாடை இறகுகளால் ஆனது. மஞ்சளுக்கு வேறு பறவைகள், சிவப்புக்கு ஈஈவி. 1779 ஜனவரியில் தலைவர் கலானியோபுஉ தமது தோளில் கிடந்த போர்வையைக் கழற்றிக் கப்டன் குக்குக்கு அணிவித்தார். அடுத்த மாதமே அங்கு மூண்ட மோதலில் குக் கொல்லப்பட்டார். அந்த ஒரு போர்வையில் ஏறத்தாழ 40 இலட்சம் இறகுகள், அவை 20,000 பறவைகளுடையவை என மதிப்பிட்டுள்ளனர். பல காலம் நியூசிலாந்தின் வெலிங்டன் நகரில் இருந்த அது 2016இல் ஹவாய்க்குத் திரும்பியது.

இத்தனை இறகு பறித்தும் ஈஈவி அழியவில்லை. பின் அதை வீழ்த்த வந்தது எது?

1826இல், வெலிங்டன் என்றே பெயர் கொண்ட ஒரு கப்பல் – பெயர்ப் பொருத்தத்தைப் பாருங்கள் – மாவி தீவின் லஹைனாவில் குடிதண்ணீர் நிரப்பவந்தது. அதன் பழைய பீப்பாய் நீரோடு நுளம்புக் குடம்பிகளும் கரையிறங்கின என்பது வரலாறு. அதுவரை அத்தீவுகளில் நுளம்பே இல்லை. ஹவாய் மொழி நுளம்புக்கு ‘மகீக்கா’ என்ற சொல்லை ஆங்கிலத்திலிருந்தே கடன் வாங்கியது.

அந்த நுளம்பு நமக்கு அந்நியமல்ல. நமது வடிகான்களில் பெருகி யானைக்கால் நோயைப் பரப்பிய கியூலெக்ஸ்தான் அது. இலங்கை 2016இல் யானைக்காலை ஒழித்த நாடெனச் சான்று பெற்றது. ஹவாயில் அது பரப்புவது பறவை மலேரியா. நோயுள்ள நுளம்பு ஒன்று ஒரே தடவை கடித்தால், பத்து ஈஈவிகளில் ஒன்பது இறந்துவிடுகின்றன.

பள்ளத்தாக்குகள் வெறுமையாகின, குருவி குளிர்ந்த உச்சிகளுக்கு ஒதுங்கியது. சுமார் 13 பாகை செல்சியசுக்குக் கீழே அந்நோய்க்கிருமி வளர்வதில்லை. ஆனால் பூ அழைக்கும்போது குருவி இறங்குகிறது. பழக்கத்தை விடமுடியுமா? பூ இருக்கும் இடத்தில் நுளம்பும் இருக்கிறது. வெப்பம் கூடக்கூட நுளம்பும் மேலே ஏறுகிறது. கவாயி தீவின் மிக உயர்ந்த சிகரமே 1,600 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. அதற்கு மேல் ஒதுங்க ஈஈவிக்கு இடமில்லை. 2017இல் அமெரிக்க அரசு இதனை ஆபத்தை எதிர்நோக்கும் இனமாகப் பட்டியலிட்டது. 2023இல் இதன் உறவினங்களுள் ஆறு அழிந்தேவிட்டன என அறிவித்தது.

நுளம்பை வெல்ல நுளம்பையே அனுப்புகிறார்கள் இப்போது. வொல்பேக்கியா என்னும் பற்றீரியாவைத் தாங்கிய ஆண் நுளம்புகளை, மாவியின் காடுகளில் 2023 முதல் ஹெலிகொப்டரிலிருந்து இறக்கிவிடுகின்றனர். ஆண் நுளம்பு கடிக்காது. காட்டுப் பெண் நுளம்பு அதனோடு கூடினால் முட்டை பொரிக்காது. ஒருமுறை செய்து ஓய்கிற வேலையல்ல. திரும்பத் திரும்பக் கொண்டுபோய் விடவேண்டும். ஓஹிஆ கீழ்ச்சரிவில் பூக்கும் காலத்துக்குள் அங்கே நுளம்பு குறைந்திருக்கவேண்டும் என்பதே கணக்கு. குருவி எப்படியும் இறங்கத்தான் போகிறது.