பழுதுள்ள பொருளால் காயமடைந்தோருக்குச் சட்டம் தரும் வழி

இந்தியாவில் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ‘பொருள்சார் பொறுப்பு’, அதாவது பழுதுள்ள பொருளால் நேரும் தீங்கிற்கு அதை உருவாக்கியவரும் விற்றவரும் ஈடுசெய்யக் கடமைப்பட்டவர்கள் என்னும் கோட்பாட்டிற்குத் தனி அத்தியாயமே ஒதுக்கியுள்ளது. பிரஷர் குக்கரில் அழுத்தம் மிகும்போது திறக்க வேண்டிய பாதுகாப்பு வால்வு திறவாமல், மூடி தெறித்து ஒருவரின் முகம் வெந்துபோனால், தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ பழுது இருந்ததையும் அதனாலேயே காயம் நேர்ந்ததையும் அவர் மெய்ப்பித்தால் போதும்; நிறுவனத்தின் கவனக்குறைவை நிறுவ வேண்டியதில்லை என்பதே இச்சட்டத்தின் உயிர்நாடி. ஆலைக்குள் நடந்தது அடுப்பங்கரையில் நிற்பவருக்கு எவ்வாறு தெரியும்?

பணம் கொடுத்து வாங்கியவர் மட்டுமன்றி, அவருடைய இசைவுடன் பயன்படுத்தியவரும் நுகர்வோரே. உற்பத்தியாளர் இன்னார் என்று அறிய இயலாதபோது விற்பனையாளரே பொறுப்பாளி ஆகலாம்; ஆனால் பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தால் விற்பனையாளர்மீது வழக்குத் தொடர இயலாது.

பாதிக்கப்பட்டவர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். கோரும் இழப்பீட்டை வைத்தன்றி, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே கட்டணம் கணக்கிடப்படுவதாலும், 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமே இல்லாததாலும், ஏழை எளியோரும் தயங்க வேண்டியதில்லை. வெடித்த குக்கரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், ரசீதோடும் மருத்துவச் சான்றுகளோடும் பத்திரப்படுத்துங்கள்.