தோலில் தீட்டும் விமானப் படைச் சின்னங்கள்



2020 மே 27-இல் நம் சூலூரில் மீண்டும் தொடங்கப்பெற்ற 18-ஆம் ஸ்குவாட்ரன், 1971-இல் ஸ்ரீநகர் வானில் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் சேகோன் பணியாற்றிய படைப்பிரிவாகும். இத்தகைய பிரிவுகளின் சின்னங்களைத் தோலில் தீட்டுதல் நம் நாட்டிற்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போரின்போது இங்கிருந்த அமெரிக்க விமானப் படையினருக்கு இந்தியக் கைவினைஞர்கள் தோற்சின்னங்கள் செய்தளித்தனர்.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் இதற்கு ஏற்றது. முதலில் ஸ்பிரிட்டால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். இதில் அவசரம் கூடவே கூடாது. வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பின்னரே இடவேண்டும். தடித்துப் பூசினால் மடிப்பில் வெடித்து உதிரும்.

பழைய போர்ச் சின்னங்களைச் சேகரிப்போர் நல்ல விலை தருவதால், புதியதைப் பழையதென விற்கும் ஆசை எழக்கூடும். ஆகவே பின்புறத்தில் ‘நகல்’ என்றும், செய்த ஆண்டையும் அழியாதபடி பொறிக்குமாறு வேண்டுகிறோம். இதனை அணிந்து படைவீரரெனப் பிறரை நம்பவைப்பது தண்டனைக்குரியது என்பதை வாங்குவோரிடமும் கூறிவிடுங்கள்.