கம்பி பூட்டிய பற்களும் கண்காணாக் கிருமிகளும்

நெதர்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகரான லீவன்ஹூக் என்பார், உப்பினாற் பல் துலக்கும் வழக்கமுடையவர். துலக்கிய பின்னும் பல்லிடுக்கில் எஞ்சிய வெண்ணிற அழுக்கைத் தாமே செய்த உருப்பெருக்கியில் வைத்து நோக்கினார். எண்ணற்ற சிற்றுயிர்கள் அங்கே துள்ளித் திரிந்தன. 1683ஆம் ஆண்டில் இலண்டன் வேத்தியற் கழகத்துக்கு இதனை எழுதியனுப்பினார்.

துலக்கிய வாயிலேயே இந்நிலை என்றால், கம்பி பூட்டிய வாயைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

கோணற் பற்களைச் சீராக்கப் பல்தோறும் ஒரு சிறு பிடியை ஒட்டிக் கம்பியைப் பூட்டுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு ஆண்டுகள் அது வாயில் இருக்கும். நாவும் உமிழ்நீரும் எட்டாத அதன் மூலைகளிற் கிருமிப் படலம் தடிக்கின்றது. 1924இல் கிளார்க் என்னும் ஆங்கிலேய அறிஞர் விவரித்த ஸ்ரெப்டோகொக்கசு மியூற்றன்சு என்னும் பற்றீரியா அவற்றுள் முதன்மையானது. அது சர்க்கரையை உண்டு அமிலத்தைச் சுரக்க, அமிலம் பல்லின் மிளிரியிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கின்றது. உமிழ்நீர் அவ்வமிலத்தைத் தணிக்க ஏறத்தாழ அரைமணி நேரம் வேண்டும். ஆகவே, தின்ற இனிப்பின் அளவைவிட எத்தனை முறை தின்றோம் என்பதே பெரிது. பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேநீர் அருந்தும் நம்மவர் வழக்கம், கம்பி பூட்டிய பிள்ளைக்கு ஆகவே ஆகாது!

கவனியாது விட்டால் நான்கு வாரங்களுக்குள்ளேயே வெண்புள்ளி தோன்றக்கூடும். ஈராண்டு பொறுத்துக் கம்பியைக் கழற்றும் நாளில், வரிசை அழகாயிருக்கும். பிடி இருந்த இடத்தைச் சுற்றியோ சுண்ணாம்பு தீட்டினாற்போன்ற வெண்வளையம். பெற்றோர் கம்பியையும் பசையையும் நோவர். பாவம், அவை இடங்கொடுத்தனவேயன்றி, தீங்கு செய்தது அகற்றாது விட்ட படலமே.

பற்றூரிகையைப் பிடிக்கு மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை, முரசோடு சாய்த்தும் ஒருமுறை செலுத்துதல் வேண்டும். கம்பியின் அடியில் நுழையச் சிறு இடைத்தூரிகை உண்டு. பத்து இலட்சத்தில் 1000 முதல் 1500 பங்கு புளோரைட்டுள்ள பற்பசை நன்று. துலக்கியபின் பசையைத் துப்பினாற் போதும், நீர்விட்டு அலசிவிடலாகாது. உறக்கத்தில் உமிழ்நீர் குறைவதால் இரவுத் துலக்கலைத் தவறவிடவே கூடாது. முரசில் இரத்தம் கசிந்தால் பிள்ளைகள் அவ்விடத்தைத் தொட அஞ்சுவர். அவ்விடத்தையே மென்மையாகவும் நன்றாகவும் துலக்குதல் வேண்டும்.

கிருமியைக் கொல்லும் குளோரெக்சிடின் கொப்புளிநீரும் உண்டு. எனினும் நெடுநாள் கொப்புளித்தாற் பற்களிற் பழுப்புக் கறை படியும், நாச்சுவையும் மாறும். மருத்துவர் குறித்த நாட்களுக்கு மட்டுமே அது உரியது. துப்புரவு பேணாத பிள்ளையின் வாயில் வெண்புள்ளி பெருகக் கண்டால், வரிசை நிறைவுறுமுன்னரே கம்பியைக் கழற்றிவிட மருத்துவர் தீர்மானிப்பதும் உண்டு.