அன்பு பேசும் மொழிகள்



அன்பில்லாதவை என்று நாம் எண்ணுகின்ற பல இல்லங்களில் உண்மையில் அன்புக்குக் குறைவில்லை. அதனை அறிந்துகொள்ளும் பயிற்சியே குறைவாயிருக்கிறது. ஒருவர் தம் அன்பைச் சொல்லால் உணர்த்துகிறார். மற்றொருவர் செயலால் உணர்த்துகிறார். சொல்லை எதிர்பார்த்திருப்பவருக்குச் செயல் கண்ணிற் படுவதில்லை. அன்பு இருந்தும் இருவரும் ஏங்குகின்றனர்.

அமெரிக்க நாட்டுச் சமய போதகரான கேரி சாப்மன் 1992ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இதனை விளக்கினார். பாராட்டும் சொல், உடனிருந்து செலவிடும் நேரம், பரிசு, பணிவிடை, பரிவோடு தொடுதல் என அன்பு வெளிப்படும் வழிகளை ஐந்தாக வகுத்தார். இவ்வகுப்பை ஆராய்ச்சி முற்றாக உறுதிப்படுத்தவில்லை என்பாரும் உளர். ஆயினும், கொடுப்பவரின் வழியும் பெறுபவரின் வழியும் வேறுபடக்கூடும் என்பது நம் சிந்தனைக்குரியது.

பதுளை, பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பகுதிகளிலுள்ள தேயிலைத் தோட்டங்களை நோக்குவோம். பொழுது புலருமுன் எழும் தாய், லயத்து வீட்டில் அடுப்பு மூட்டி, தேநீர் காய்ச்சி, ரொட்டி சுட்டு, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுப் பெரட்டுக்குச் செல்கிறாள். மாலையில் கொழுந்து நிறுத்துத் திரும்பிய பின்னரும் அடுப்பங்கரை வேலை காத்திருக்கிறது. தன் அன்பை அவள் வாய்விட்டுச் சொல்வதில்லை; தன் பங்கு ரொட்டியில் பாதியை மகன் தட்டில் வைக்கிறாள். தந்தையோ அவளினும் குறைவாகப் பேசுபவர். மகன் பரீட்சையில் தேறிய செய்தி கேட்டு, "சரி" என்று மட்டும் சொல்வார். ஆனால், தீபாவளி முற்பணம் கிடைத்ததும் தமக்கு வேண்டிய வேட்டியை விடுத்து, மகனுக்குச் சப்பாத்து வாங்கி வருவார். அந்த மகன் கொழும்பில் வேலைக்கமர்ந்த பின், "அப்பா என்னை ஒருநாளும் பாராட்டியதில்லை" என்று வருந்துகிறான். அவன் வருத்தமும் மெய். தந்தையின் அன்பும் மெய்.

பிரிவு நேரும்போது, செயலால் மட்டும் பேசும் அன்பு தடுமாறுகிறது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. பின்வந்த ஆண்டுகளில் பலர் தலைமன்னாரில் கப்பலேறினர். அண்ணன் மலையகத்திலும் தங்கை தமிழகத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. ரொட்டியைப் பகிரவியலாத அத்தொலைவில் கடிதமே எஞ்சியது. சொல்லிப் பழகாத நெஞ்சங்கள், "நலம், நலமறிய ஆவல்" என்ற மரபுத் தொடருக்குள் தம் ஏக்கமனைத்தையும் அடக்கின.

இன்று வேறொரு பிரிவைக் காண்கிறோம். தோட்டத்துத் தாய்மார் பலர் மேற்காசிய நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்கின்றனர். தாய் அனுப்பும் பணம் பிள்ளையின் பாடசாலைச் செலவாகிறது. பொதியில் புத்தாடை வருகிறது. அவளுக்கு அதுவே அன்பு. பிள்ளைக்கோ அவள் அருகிருத்தலே அன்பு. "அம்மா என்னை விட்டுப் போய்விட்டாள்" என்று அக்குழந்தை எண்ணுமாயின், அதற்கு அத்தாயின் மொழியை எடுத்துரைப்பது அம்மாயியின் கடமை. உடனிருக்கும் தந்தையின் கடமையுமாகும். பணம் அனுப்பும் தாயும், தொலைபேசியில் செலவுக்கணக்கோடு நின்றுவிடாமல், பிள்ளையின் அன்றாடக் கதையைக் கேட்டறிதல் வேண்டும்.

திருவள்ளுவர், அன்புடைமையை அடுத்து விருந்தோம்பலையும், அதனை அடுத்து இனியவை கூறலையும் வைத்தார். அன்பு முதலில் செயலாகிறது, பின்னர் சொல்லாகிறது. நமக்கு இரண்டும் வேண்டும். தந்தை வாங்கித் தந்த சப்பாத்தில் மகன் அவர் பாராட்டைக் காணட்டும். தந்தையும் ஒருமுறை வாய்திறந்து, "மகிழ்ச்சி, மகனே" என்று சொல்லட்டும்.