பழைய அம்பிளிபையரும் புதிய எதிர்பார்ப்பும்

பழுதான கைக்கடிகாரத்தைத் திருத்தக் கொடுப்பவர், அது சரியான மணி காட்டினால் போதும் என்று அமைதி கொள்கிறார். பழைய ஸ்டீரியோ அம்பிளிபையரைத் திருத்தக் கொடுப்பவரோ அவ்வளவில் நிற்பதில்லை. திரும்பி வரும் கருவி, முன் ஒருநாளும் பாடாத வகையில் பாடவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். அந்த எதிர்பார்ப்பு எவ்வளவு நியாயமானது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கொழும்பிலே நீதிமன்றங்களுக்குப் பெயர்போன புதுக்கடையில், ஓய்வு பெற்ற நொத்தாரிசு ஒருவரின் இல்லம் என்று வைத்துக்கொள்வோம். 1960ஆம் ஆண்டை ஒட்டித் தந்தையார் வாங்கிய வால்வு அம்பிளிபையர் ஒன்று மண்டபத்து அலுமாரியில் கிடக்கிறது. தந்தையார் விரும்பிக் கேட்ட நாகசுர இசைத்தட்டுகளை அதே கருவியில் மீண்டும் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. இயக்கிப் பார்த்தால் இரண்டு பக்கத்திலும் ஓயாத உறுமல்; அதிலும் இடப்பக்கத்தில் இசை தேய்ந்தே போய்விட்டது.

ஆண்டுக்கணக்கில் உறங்கிய கருவியை நேரே மின்சாரத்தில் மாட்டியதே முதற்பிழை. அனுபவமுள்ள தொழிலாளி, பழைய இழை விளக்கு ஒன்றை இடையே தொடராக இணைத்துப் பார்ப்பார். விளக்கு விடாது பிரகாசமாக எரிந்தால் உள்ளே எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது என்று அறிந்துகொள்வார். வீட்டிலுள்ளோர் பின்மூடியைக் கழற்றி விரல் நுழைப்பதோ உயிரோடு விளையாடுவதாகும். இணைப்பைத் துண்டித்த பின்னரும் உள்ளே ஏறத்தாழ 300 வோல்ட் மின்னழுத்தம் தங்கியிருக்கக் கூடும்.

உறுமலுக்குக் காரணம் யாது? இலங்கையின் மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று அலைவது. அதனை ஒருதிசை மின்சாரமாக மாற்றும்போது வினாடிக்கு 100 அலை எஞ்சி நிற்கிறது. அதை அடக்கி வைப்பது மின்தேக்கி. தொழிலாளர் வழக்கில் கண்டென்சர். அதனுள் இருக்கும் ஈரப்பொருள் நாளடைவில் உலர, அலை அடங்காமல் ஒலிபெருக்கி வரை வந்து உறுமுகிறது.

இதனினும் வஞ்சகமானது, ஒரு வால்விலிருந்து அடுத்த வால்வுக்கு இசையைக் கடத்தும் சிறிய காகிதக் கண்டென்சர். இசையை மட்டும் விட்டு, உயர் மின்னழுத்தத்தைத் தடுப்பது அதன் கடமை. முதுமையில் அது கசியத் தொடங்கினால், அடுத்த வால்வு அளவுக்கு மீறிச் சூடேறிச் சாகிறது. உரிமையாளர் புதிய வால்வு வாங்கி மாட்டுகிறார். அதுவும் அவ்வாறே சாகிறது. நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில்!

மூடியைத் திறந்தால் முன்னொரு தொழிலாளியின் கைவண்ணமும் தென்படலாம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில், உரிய பாகம் கிடைக்காமல், வேறு கருவியில் கழற்றிய இரண்டு மூன்றைச் சேர்த்துக் கட்டியிருப்பார். அதனை எள்ளி நகையாட வேண்டுவதில்லை. இத்தீவின் வானொலியே அவ்வாறு பிறந்ததுதான். எட்வேர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1920களின் முற்பகுதியில் கொழும்பில் நடந்த முதல் ஒலிபரப்புச் சோதனைகளுக்கு, பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் வானொலிப் பாகங்கள் பயன்பட்டன. ஆயினும் கசியும் பாகத்தை நன்றியுணர்ச்சிக்காக விட்டுவைத்தலும் தகாது.

இனி, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடிய புதிய கண்டென்சர்களோடு கருவி வீடு திரும்புகிறது. நொத்தாரிசு இசைத்தட்டை வைக்கிறார். முகம் சுருங்குகிறது. "இரைச்சல் கூடிவிட்டதே! முன்பிருந்த கனமும் இல்லையே!" என்கிறார்.

தொழிலாளி பிழை செய்தாரா? இல்லை. கனம் என்று அவர் நினைத்ததில் பாதி அந்த உறுமல். இரைச்சலோ தட்டின் தேய்மானம். உயர்ந்த சுரங்களை விழுங்கிக்கொண்டிருந்த கருவி இப்போது அவற்றை ஒழுங்காகக் கொடுப்பதால், தட்டின் கீறலையும் ஒளிக்காமல் கொடுக்கிறது. இன்னொன்று: ஸ்டீரியோ முறைக்கு இங்கிலாந்தில் ஆலன் புளூம்லைன் 1931லேயே காப்புரிமை கோரினாராயினும், அத்தகைய தட்டுகள் கடைக்கு வந்து பரவியது 1958 முதற்கொண்டுதான். தந்தையாரின் தட்டுகள் அதற்கு முந்தியவை. ஒற்றை வழியில் பதிவானவை. எவ்வளவு பணம் செலவிட்டாலும் அவற்றில் இடம், வலம் என்ற வேறுபாடு பிறக்காது.

நல்ல அம்பிளிபையர் அன்றே நல்லதாயிருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். 1945ஆம் ஆண்டிலேயே ஹரல்ட் லீக் என்னும் ஆங்கிலேயர், ஒலித்திரிபு நூற்றில் பத்திலொரு பங்கே உள்ள அம்பிளிபையரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1978இல் ஜேம்ஸ் மோயர் என்பவர் நடத்திய சோதனை இன்னும் சுவையானது. குவாட் நிறுவனத்தின் 1953ஆம் ஆண்டு வால்வுக் கருவியையும், பிற்காலத்துத் திரான்சிஸ்டர் கருவிகள் இரண்டையும், ஒலியளவைச் சமப்படுத்தி, எது எதுவென்று சொல்லாமல் தேர்ந்த செவியுடையோருக்குக் கேட்பித்தார். அவர்களால் வேறுபாடு காண இயலவில்லை. ஒலியளவைச் சமப்படுத்தியது முக்கியம். சற்றே உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்தது என்று மயங்கும். வாட் கணக்கில் ஏமாறுவோரும் உளர். 10 வாட்டை 20 வாட் ஆக்கினால் ஒலி இரு மடங்காகத் தோன்றுவதில்லை. அதற்கு ஏறக்குறைய 100 வாட் வேண்டும்.

செவியும் கணக்கில் சேரவேண்டியதே. இளமையில் வினாடிக்கு 20,000 அலைவு வரை கேட்ட காதுக்கு, அறுபதைக் கடந்தபின் 12,000க்கு மேற்பட்டவை பெரும்பாலும் எட்டுவதில்லை. எந்தக் கண்டென்சரும் அதை மாற்றித் தராது.

ஆகவே எஞ்சிய பணத்தை அம்பிளிபையரில் மேலும் கொட்டாமல், தேய்ந்த ஊசியை மாற்றினார் நொத்தாரிசு. கடற்காற்றின் ஈரத்தில் நைந்த ஒலிபெருக்கிக் காகிதத்தைப் புதுப்பித்தார். அலுமாரிக்குப் பின்னே மறைந்திருந்த இரு பெட்டிகளையும் வெளியே இழுத்து வைத்தார். மறுநாட் காலை அதே தட்டு சுழன்றது. கீறல் ஒலி இருந்தது. ஆனால் நாகசுரம் மூச்சு வாங்கும் இடைவெளியில், இதுவரை உறுமலில் மூழ்கிக் கிடந்த ஒத்தின் ஒலி தனித்துக் கேட்டது.